பின்மண்டையில் ஓர் அடி: எண்பதுகளின் துப்பறியும் படங்கள் காட்டாமல் விட்டவை

கையுறை மாட்டிய கொலையாளி, மழை இரவு, அறுக்கப்பட்ட டெலிபோன் ஒயர், கடைசி ரீலில் கழன்று விழும் முகமூடி. மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் கோயில் திருவிழாவுக்கு டெக் வாடகைக்கு எடுத்து விடிய விடிய ஓட்டிய படங்கள், இன்று நள்ளிரவில் செல்போனில் ஓடுகின்றன. ‘இவ்வளவு ரத்தத்தைப் போய் ரசிக்கிறோமே’ என்று கூச்சப்படுகிறவர்கள் பலர். கூச்சம் வேண்டாம். காயங்களை ஆராய்வதே தொழிலான தடயவியல் மருத்துவர்களான எங்களுக்கும் இவை பிடிக்கும். எங்கள் கவலை வேறு. கதை மறந்துபோனாலும் சில காட்சிகள் மனதில் தங்கிவிடுகின்றன; ஆபத்து நேரத்தில் கை அவற்றைத்தான் செய்கிறது.

கட்டையால் பின்மண்டையில் ஓர் அடி, கதாநாயகன் சாய்வார், அடுத்த காட்சியில் தலையைத் தடவியபடி எழுந்து காரைத் துரத்துவார். இவற்றில் மிகக் கெடுதலான காட்சி இதுதான். நினைவு தப்பும் அளவுக்கு அடி விழுந்தால் மூளை குலுங்கியிருக்கிறது. நெற்றிப்பொட்டை ஒட்டிய எலும்பு மெல்லியது. அதில் விரிசல் விழுந்தால் உட்புறம் ஓடும் தமனி கிழிந்து, மண்டையோட்டுக்கும் மூளையின் வெளியுறைக்கும் நடுவே ரத்தம் தேங்கும். ஆளை ஏமாற்றுவது இடையில் வரும் தெளிவு. மயங்கியவர் எழுந்து பேசுவார், டீ குடிப்பார், “ஒண்ணுமில்லப்பா” என்று வீட்டுக்குப் போய்ப் படுப்பார். சில மணி நேரத்தில் தேங்கிய ரத்தம் மூளையை நெருக்கும். “நல்லாத்தானே பேசுனாரு, தூங்கட்டும்னு விட்டோம்” என்று பிணவறை வாசலில் உறவினர்கள் அழுவது இப்படிப்பட்ட சாவுகளில்தான்.

திருவிழாத் தகராறோ, ரிங் ரோட்டில் பைக்கிலிருந்து விழுந்ததோ, ஒரு நிமிடம் நினைவு தப்பியிருந்தாலும் சி.டி. ஸ்கேன் உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, உளறல், வலிப்பு, ஒரு கண்ணின் பாவை மட்டும் விரிவது, ஒரு பக்கக் கைகால் தளர்வது, காதிலோ மூக்கிலோ ரத்தமோ தெளிந்த நீரோ வடிவது: எது தெரிந்தாலும் உடனே 108. குடித்திருப்பவரானால் கூடுதல் கவனம் வேண்டும். உளறல் போதையாலா, ரத்தக்கட்டாலா என்று பார்த்த மாத்திரத்தில் யாராலும் பிரிக்க முடியாது.

அடுத்தது, நண்பன் ஓடிவந்து கத்தியை உருவும் காட்சி. உள்ளே நிற்கும் கத்தி, தான் கிழித்த ரத்தக்குழாயைத் தானே ஓரளவு அடைத்துக்கொண்டிருக்கும். உருவினால் ரத்தம் கொட்டும். கத்தி அசையாதபடி இரு பக்கமும் மடித்த துணியை அணைத்துக் கட்டி, அப்படியே கொண்டுபோங்கள். கத்தி இல்லாத காயத்தில் சுத்தமான துணியை வைத்து உள்ளங்கையால் விடாமல் அழுத்துங்கள். நனைந்தால் அதை எடுக்காமல் மேலே இன்னொன்றை வையுங்கள். நின்றுவிட்டதா என்று எடுத்து எடுத்துப் பார்த்தால், உறையத் தொடங்கிய ரத்தம் பிய்ந்துபோகும். மஞ்சள்தூள், காப்பித்தூள் வேண்டாம். குத்துப்பட்டவர் கேட்டாலும் தண்ணீர் கொடுக்காதீர்கள். அறுவைக்கு மயக்க மருந்து கொடுக்கும்போது வயிற்றில் உள்ளது மேலேறி நுரையீரலுக்குள் போகலாம்.

“போலீஸ் கேஸ், ஸ்டேஷன்ல எழுதிட்டு வாங்க” என்று டாக்டர் கைவிரிக்கும் காட்சி கற்பனையல்ல, அன்றைய நடப்பு. 1989இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம், உயிரைக் காப்பதே முதல் கடமை, சட்ட நடைமுறை அதற்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. அரசு மருத்துவமனை, தனியார் மருத்துவமனை இரண்டுக்கும் அது பொருந்தும். ஏ.ஆர். என்ட்ரி (விபத்துப் பதிவேட்டில் பதிவு) போட்டுப் போலீசுக்குத் தகவல் அனுப்புவது மருத்துவமனையின் வேலை. நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். ‘மாடிப்படியில் விழுந்தார்’ என்று மாற்றிச் சொன்னது ஏ.ஆர். காப்பியில் ஏறிவிட்டால், பிறகு நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் எடுப்பது அதைத்தான்.

கைக்குட்டை குளோரோஃபார்ம் மூன்று நொடியில் யாரையும் மயக்காது. விடாமல் நிமிடக்கணக்கில் சுவாசித்தால்தான் மயக்கம் வரும். அளவு தப்பினால் இதயம் நிற்கும். கைக்குட்டையால் துப்பாக்கியை எடுக்கும் இன்ஸ்பெக்டரும் பழங்கதைதான். டி.என்.ஏ. கைரேகை முறையை அலெக் ஜெஃப்ரிஸ் இங்கிலாந்தில் கண்டறிந்ததே 1984இல். இன்று அந்தக் கைக்குட்டை இருந்த தடயத்தைத் துடைத்து, எடுத்தவரின் வியர்வையை ஏற்றிவிடும். ஆகவே எதையும் தொட வேண்டாம். காயம்பட்டவரின் சட்டை, வேட்டியைத் துவைக்காதீர்கள். வெட்டி எடுக்க நேர்ந்தால் கத்தி பாய்ந்த ஓட்டையை விட்டு விலகி வெட்டுங்கள். பாலிதீன் பையில் ஈரத்தோடு கட்டினால் பூஞ்சை பிடித்து ரத்தச் சான்று கெடும். நிழலில் உலர்த்தி, ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகிதப் பையில் போட்டுப் போலீசிடம் கொடுங்கள்.

பிணத்தைத் தொட்டுவிட்டு ‘சரியாக 10.20க்குச் செத்திருக்கிறான்’ என்று சொல்லும் படத்து டாக்டரை நம்பி, அதே துல்லியத்தை எங்களிடம் குடும்பங்கள் எதிர்பார்க்கின்றன. உடல் குளிரும் வேகம் சுற்றுப்புற வெப்பத்தைப் பொறுத்தது. உயிருள்ள உடலின் வெப்பம் சுமார் 37 டிகிரி. மதுரையின் சித்திரை, வைகாசி வெயிலில் ஓட்டு வீட்டுக்குள்ளேயே அதைத் தாண்டும். அங்கே உடல் குளிரவே குளிராது. அந்தக் கணக்கு உதவாது. விறைப்பும் வெயில் காலத்தில் சீக்கிரம் வந்து சீக்கிரம் தளரும். அதனால் நாங்கள் சொல்வது மணிக்கணக்கில் அகலமான ஓர் இடைவெளி. அதைக் குறுக்க உதவுவது நீங்கள் தரும் விவரம்: கடைசியாக எப்போது பேசினார், என்ன சாப்பிட்டார், ஃபேனோ ஏ.சி.யோ ஓடியதா, கதவு திறந்திருந்ததா. அறையில் எதையும் அணைக்காமல், உடலை நகர்த்தாமல், இவற்றை ஒரு தாளில் நேரத்தோடு எழுதி விசாரணை அதிகாரியிடம் கொடுங்கள்.