கிட்டுக்குள்ள டிஃப் எப்பிடி வேலை செய்யுது

கிட் எண்டுறது நிரல் ஃபைலுகளிட பழைய பிரதிகளைச் சேமிச்சு வைக்கிற மென்பொருள், டிஃப் எண்டுறது ரெண்டு பிரதிக்கு இடையில என்ன மாறினது எண்டு அது காட்டுறது. கிட் பாவிக்கிற கனபேர் நினைக்கிறது என்னண்டா, நாங்கள் ஃபைலுல என்ன மாத்தினாலும் அது பாத்துக் குறிச்சு வச்சுக்கொண்டே இருக்கு, பிறகு டிஃப் கேட்டா அந்தக் குறிப்பை எடுத்துக் காட்டுது எண்டு. அப்பிடி இல்ல. ஒவ்வொரு கமிட்டிலையும், அதாவது நாங்கள் சேமிக்கச் சொல்லுற ஒவ்வொரு தரமும், கிட் வைக்கிறது அந்த நேரம் ப்ரொஜெக்ட் முழுசா எப்பிடி இருந்துது எண்டுறதை மட்டும்தான். இடம் மிச்சம்பிடிக்க பேக் ஃபைலுக்குள்ள சுருக்கி வைக்கிறது வேற விசயம், அதுக்கும் நாங்கள் பாக்கிற டிஃப்புக்கும் சம்பந்தம் இல்ல. பச்சையும் சிவப்புமா வாற வரிகள் எல்லாம் நாங்கள் கேட்ட பிறகு ரெண்டு பிரதியையும் வச்சு கணக்குப் போட்டு எடுக்கிற விடை. நாங்கள் என்ன செய்தம் எண்டு அதுக்குத் தெரியாது, என்ன செய்திருக்கலாம் எண்டு ஊகிக்குது.

லிப்கிட்2 எண்டு சி மொழியில எழுதின ஒரு லைப்ரரி இருக்கு, பைதன், ரூபி, ரஸ்ட் எதில இருந்தும் கூப்பிட்டு கிட் வேலை செய்யலாம். அதிட்ட ரெண்டு கமிட்டை ஒப்பிடச் சொன்னா அது முதல்ல ஃபைல் ஒண்டையும் திறக்கிறேல்ல. ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒவ்வொரு ஃபோல்டருக்கும் உள்ளடக்கத்தில இருந்து கணக்குப் பண்ணின ஒரு ஹாஷ், அதாவது அடையாள எண், இருக்கு, ஷா-1 எண்ட கணக்குமுறை எண்டா 160 பிட். ஃபோல்டரிட ஹாஷ் ரெண்டு பக்கமும் ஒண்டு எண்டா உள்ளுக்க ஆயிரம் ஃபைல் இருந்தாலும் ஒண்டும் மாறேல்ல, அப்பிடியே தாண்டிப் போகலாம். எனக்கு கிட்டில ஆகப் பிடிச்ச யோசனை இதுதான். டிஸ்க்கில நாங்கள் திருத்திக்கொண்டிருக்கிற ஃபைல் எண்டா ஹாஷ் ரெடியா இருக்காது, அதால ஃபைலிட சைஸையும் கடைசியாத் திருத்தின நேரத்தையும் இண்டெக்ஸில, அதாவது கிட் வச்சிருக்கிற ஃபைல் பட்டியலில, இருக்கிறதோட ஒப்பிட்டுப் பாக்கும், சரியா இருந்தா வாசிக்கவே மாட்டாது. ஆனா இண்டெக்ஸ் எழுதின அதே நேரத்தில ஃபைலும் மாறியிருந்தா நேரத்தை நம்ப ஏலாது, அப்ப உள்ளடக்கத்தைத் திறந்தே பாக்கும்.

இனித்தான் வரி வரியா ஒப்பிடுற கட்டம். கொழும்பிட காலி வீதியால போற பஸ் நிக்கிற இடங்கள் வரிக்கு ஒண்டா இருக்கிற ஃபைல் ஒண்டு வச்சுக்கொள்ளுங்கோ. பழைய பிரதியில கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை, கல்கிசை. புதுசில மேல கோட்டையைச் சேர்த்து தெஹிவளையை எடுத்தாச்சு. ரெண்டிலையும் அஞ்சு வரிதான். முதலாவதை முதலாவதோட, ரெண்டாவதை ரெண்டாவதோட எண்டு ஒப்பிட்டா நாலு வரி மாறிட்டுது எண்டு வரும், கல்கிசை மட்டும் தப்பும். உண்மையில நடந்தது ஒண்டு சேர்த்தது, ஒண்டு அழிச்சது, அவ்வளவுதான். அதால டிஃப் தேடுறது ரெண்டு பக்கமும் ஒழுங்கு மாறாம வாற ஆகக்கூடின வரிகளை, அது கிடைச்சா பழசில மிஞ்சினது அழிச்சது, புதுசில மிஞ்சினது சேர்த்தது.

பெல் லாப்ஸில டக்ளஸ் மெக்கில்ராயும் ஜேம்ஸ் ஹண்டும் இதைப்பற்றி 1976 இல எழுதினவை, யுனிக்ஸில டிஃப் அதுக்கு முதலே வந்திட்டுது. இப்ப கிட் பாவிக்கிற வழி யூஜீன் மையர்ஸ் 1986 இல வெளியிட்டது. ஒரு கட்டம் கீறுங்கோ, மேல இடமிருந்து வலமா பழைய வரிகள், பக்கத்தில மேலிருந்து கீழா புது வரிகள். வலப்பக்கம் ஒரு அடி வச்சா பழைய வரி ஒண்டை அழிச்சதாக் கணக்கு, கீழ ஒரு அடி வச்சா புது வரி ஒண்டைச் சேர்த்ததாக் கணக்கு, ரெண்டு வரியும் ஒண்டா இருக்கிற இடத்தில மூலைவிட்டமாப் போகலாம், அதுக்குச் செலவே இல்ல. இடது மேல் மூலையில இருந்து வலது கீழ் மூலைக்கு ஆகக்குறைஞ்ச செலவில போற பாதைதான் டிஃப். முழுக் கட்டத்தையும் நிரப்பினா ஆயிரம் வரி ஃபைல் ரெண்டுக்கு பத்து இலட்சம் பெட்டி. மையர்ஸ் அதைச் செய்யேல்ல, செலவே இல்லாம எவ்வளவு தூரம் போகலாம், 1 செலவழிச்சா எவ்வளவு தூரம், 2 எண்டா எவ்வளவு எண்டு ஒவ்வொரு மூலைவிட்டத்திலயும் ஆகத் தூரம் போன புள்ளியை மட்டும் ஞாபகம் வச்சுக்கொண்டு போறார், எங்கட பஸ் ஃபைலுக்கு 2 இலயே மூலை வந்திடும், அங்கயே நிப்பாட்டலாம். மாற்றம் குறைவா இருந்தா வேலையும் குறைவு, நாங்கள் வழமையாச் செய்யிற கமிட்டுக்கு இதைவிடப் பொருத்தமா என்ன வேணும்.

கிட்டுக்குள்ளயும் லிப்கிட்2 க்குள்ளயும் இதைச் செய்யிறது டேவிடே லிபென்ஸி எழுதின எக்ஸ்டிஃப் எண்டுற கோட். அது மையர்ஸைத் தொடங்க முதலே கனக்க வேலையைக் குறைச்சிடும். மேலயும் கீழயும் ஒரே மாதிரி இருக்கிற வரிகளை வெட்டிடும், பிறகு மற்றப் பக்கத்தில எங்கயுமே இல்லாத வரியைத் தேடாமலே மாறினது எண்டு குறிச்சிடும். எங்கட ஃபைலுல கல்கிசை முதல்ல கழண்டிடும், கோட்டையும் தெஹிவளையும் அடுத்ததா, மிச்சம் மூண்டும் நேருக்கு நேர பொருந்திடும். பெரிய ஃபைலுல தேடல் கண்டபடி நீண்டா அது ஒரு எல்லையில நிப்பாட்டி ஓரளவு நல்ல பாதையை எடுத்துக்கொள்ளும், அதால கிட் காட்டுற டிஃப் எப்பவும் ஆகச் சின்னது எண்டில்ல.

ஆகச் சின்னது எண்டாலும் வாசிக்க நல்லா இருக்கும் எண்டும் இல்ல. நிரலுல மூடுற அடைப்புக்குறி மட்டும் இருக்கிற வரி நூறு தரம் வரும், மையர்ஸுக்கு அதுவும் ஒரு வரிதான், அதால ஒரு ஃபங்ஷனிட அடைப்புக்குறியைக் கொண்டுபோய் வேற ஃபங்ஷனோட பொருத்தி வாசிக்கிற ஆளைக் குழப்பிவிடும். ஃபைல் பகிர்ற பிட்டொரண்ட் செய்த ப்ராம் கோஹன் இதுக்குத்தான் பேஷன்ஸ் டிஃப் எண்ட வழியைக் கொண்டுவந்தவர், ரெண்டு பக்கமும் ஒரே ஒரு தரம் மட்டும் வாற வரிகளை முதல்ல நங்கூரமாப் பிடிச்சு அதுக்கு நடுவில மிச்சத்தை ஒப்பிடுறது. ஹிஸ்டோகிராம் எண்ட வழி அதைக் கொஞ்சம் விரிச்சது. கோட் ரிவியூ செய்யிற ஆக்கள் அதைப் போட்டுப் பாக்கவேணும், என்ர எண்ணத்தில கனக்க இடத்தில அதுதான் தெளிவு.

ஃபைலிட பெயர் மாறினதும் எங்கயும் பதிவில்ல, அழிஞ்ச ஃபைலும் புது ஃபைலும் வழமையா 50 வீதத்துக்குக் குறையாம ஒத்துப்போனா பெயர் மாறினது எண்டு எடுத்துக்கொள்ளும்.

தமிழில வேலை செய்யிற எங்களுக்கு இதில ஒரு தனிப் பிரச்சினை இருக்கு, கொழும்பில மூண்டு மொழியிலயும் ஆப் செய்யிற ஆக்கள் மொழிபெயர்ப்பு ஃபைலுகளோட இதைச் சந்திக்காம இருக்க ஏலாது. டிஃப் ஒப்பிடுறது எழுத்தை இல்ல, பைட்டை. எழுத்தைப் பைட்டாச் சேமிக்கிற யூடிஎஃப்-8 முறையில தமிழ்க் குறி ஒவ்வொண்டும் 3 பைட். கொள்ளுப்பிட்டியிட முதல் எழுத்தை க வும் ஒற்றை ஒகரக் குறியுமா எழுதினா 6 பைட், க வும் எகரக் கொம்பும் பின்னால காலுமா எழுதினா 9 பைட், ஸ்கிரீனில ரெண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும், யூனிகோட் விதிப்படியும் சமம்தான், ஆனா கிட் உள்ளடக்கத்தில இதைச் சமப்படுத்துறேல்ல, அதால வேற கீபோர்ட்டில அடிச்ச ஆள் ஒரு எழுத்தும் மாத்தாட்டிலும் வரி சிவப்பாயும் பச்சையாயும் வரும், வாசிக்கிற ஆளுக்கு என்ன மாறினது எண்டே தெரியாது. இன்னொண்டு, முதல் 8000 பைட்டுக்குள்ள பூச்சிய பைட் ஒண்டு இருந்தா கிட் அதை பைனரி, அதாவது எழுத்து ஃபைல் இல்ல, எண்டு விட்டிடும். பழைய நோட்பேடில யூனிகோட் எண்டு தெரிவு செய்து சேமிச்சா அது யூடிஎஃப்-16, அதில ஒவ்வொரு வரி முடிவிலயும் பூச்சிய பைட் வரும், அதால ஃபைல் முழுக்கத் தமிழா இருந்தாலும் டிஃப் வராது. எல்லா மொழிபெயர்ப்பு ஃபைலையும் யூடிஎஃப்-8 இல வச்சு, கமிட் போக முதல் தானா ஓடுற ஹூக் எண்டுற சின்ன நிரல் ஒண்டில பைதனிட யூனிகோட்டேட்டா மொடியூலால ஒரே எழுத்தை எப்பவும் ஒரே பைட்டுகளா எழுதுற என்எஃப்சி வடிவத்துக்கு மாத்திவிட்டா ரெண்டு பிரச்சினையும் தீரும்.