கிராஃபீன் காரீயம் அல்ல

'காரீயத்தாள் வாயு உணர்வி'. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளி அறிவியல் விழாவில், கிராஃபீன் என்ற பொருளால் செய்த, வாயுவைக் கண்டுபிடிக்கும் கருவிக்கு (gas sensor) அட்டையில் இப்படிப் பேர் எழுதி வைத்திருந்தார்கள். பிள்ளைகள்தானே என்று விட்டுவிட்டேன். அப்புறம் அதே சொல் வாட்சாப் குழுவில் வந்தது, கோயில் மண்டபத்தில் சுற்றுச்சூழல் பற்றி நடந்த ஒரு பேச்சிலும் வந்தது, பேசியவர் 'நல்ல தமிழில் சொல்கிறேன்' என்று முன்னுரை வேறு கொடுத்தார். இனிமேலும் சும்மா இருக்க முடியவில்லை.

கிராஃபீன் என்ற சொல்லின் பிறப்பைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். கிரேக்கத்தில் 'கிராஃபெயின்' என்றால் எழுதுதல். பென்சிலுக்குள் இருக்கும் கறுப்புக்கு 1789-இல் ஜெர்மானியர் ஆபிரகாம் வெர்னர் அதிலிருந்து கிராஃபைட் என்று பேர் வைத்தார். அது கரி அணுக்களாலான ஏடுகளின் அடுக்கு, ஒரு மில்லிமீட்டர் கனத்தில் ஏறக்குறைய 30 லட்சம் ஏடு. அதில் ஒற்றை ஏட்டுக்கு, நாப்தலீன், ஆந்த்ரசீன் போன்ற கரிச் சேர்மங்களின் பேரில் வரும் 'ஈன்' விகுதியைச் சேர்த்து, 1986-இல் ஹன்ஸ் பீட்டர் போஹ்மும் கூட்டாளிகளும் கிராஃபீன் என்றார்கள். 2004-இல் மான்செஸ்டரில் இயற்பியலர்கள் கெய்மும் நோவோசெலோவும் ஒட்டுநாடாவால் உரித்தே அந்த ஏட்டைப் பிரித்துக் காட்டி 2010-இல் நோபல் வாங்கினார்கள். அவ்வளவுதான்.

இப்போது காரீயம். கார் என்றால் கறுப்பு. காரீயம் கறுப்பு ஈயம், கார் பேட்டரிக்குள் கனமாகக் கிடக்கிறதே அந்த உலோகம். பென்சில் குச்சியையும் காரீயம் என்று சொல்லும் பழக்கம் உண்டு, இலங்கையில் கிராஃபைட் சுரங்கத்தையே காரீயச் சுரங்கம் என்பார்கள், பேச்சுவழக்கோடு எனக்குச் சண்டை இல்லை. வெள்ளைக்காரனும் அதை ஒருவகை ஈயம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தான், சுவீடனில் ஷீலே என்ற வேதியியலர் 1779-இல் அது கரிதான் என்று காட்டும்வரை. அவர்கள் அப்போதே திருத்திக்கொண்ட தவற்றை நாம் இப்போது தூய தமிழ் என்று தூக்கிக்கொண்டு வருகிறோம்.

அதுவும் எங்கே? பேராக்கில். இங்கே ஈயம் என்றால் கிந்தா பள்ளத்தாக்கு ஈய லம்பம்தான் (சுரங்கம்) ஞாபகம் வரும், அதாவது வெள்ளீயம் (tin). வேடிக்கை என்னவென்றால், வாயுவைக் கண்டுபிடிக்கும் பழைய வகை உணரி உண்மையிலேயே வெள்ளீய ஆக்சைடால் ஆனது. லம்பத்தில் தோண்டி எடுத்த தாதுவும் வேதியியலில் அதேதான்! 1960-களில் ஜப்பானில் தாகுச்சி உருவாக்கிய அந்த வகை, கேஸ் கசிந்தால் கத்தும் கருவிகளில் இன்றும் இருக்கிறது. அது வேலை செய்ய உள்ளே 200 முதல் 400 பாகை வரை சூடு வேண்டும், அந்தச் சூட்டுக்கே மின்சாரம் போய்விடும். கிராஃபீனில் எல்லோரும் ஆசை வைத்திருப்பதே, அறை வெப்பத்திலேயே, விரல்நகத்தைவிடச் சின்னச் சில்லில் வேலை முடியலாம் என்பதால்தான். அதற்குப் போய் ஈயப் பேர் சூட்டினால், எதை ஓரங்கட்ட வந்ததோ அதன் பேரே இதற்கும் ஆகிவிடும். தவிர, காரீயமே சுற்றுச்சூழலைக் கெடுக்கும் நஞ்சு. 'காரீய உணரி' என்று படிக்கிறவன் காரீயத்தைக் கண்டுபிடிக்கும் கருவி என்று எடுத்துக்கொண்டால் அவனைக் குற்றம் சொல்ல முடியுமா?

கிராஃபீன் எப்படி உணர்கிறது என்பதைத் தோட்டத்து மூக்குக்குப் பழகிய வாயுவை வைத்தே சொல்லலாம். ரப்பர் பால் உறையாமல் இருக்க அம்மோனியா ஊற்றுவார்கள், தோம்பு மூடியைத் திறந்தால் கண் எரியும். அந்த அம்மோனியா கிராஃபீன் ஏட்டில் போய் உட்கார்ந்தால் கொஞ்சம் எலக்ட்ரானைக் கொடுக்கிறது, லாரிப் புகையில் வரும் நைட்ரஜன் டை ஆக்சைடு எலக்ட்ரானைப் பிடுங்கிக்கொள்கிறது. காற்றில் கிடக்கும் கிராஃபீனில் முன்னது மின்தடையை ஏற்றும், பின்னது இறக்கும். ஏட்டில் உள்ள அணு அத்தனையும் மேற்பரப்பிலேயே இருப்பதால் துளி மாற்றமும் தெரிந்துவிடுகிறது. 2007-இல் மான்செஸ்டர் குழு ஒற்றை மூலக்கூறு வந்து ஒட்டுவதையே அளந்து காட்டியது.

அடுத்தது 'உணர்வி'. செய் என்பதன் பிறவினை செய்வி. அதேபோல உணர் என்பதன் பிறவினை உணர்வி, அடுத்தவரை உணரச் செய். கருவி உணர்கிறது, ஆகவே உணர் + இ, உணரி. தொலைபேசி, ஒலிபெருக்கி எல்லாம் இந்த வழியில் வந்தவைதான். துறவு துறவி ஆகும்போது உணர்வு உணர்வி ஆகக்கூடாதா என்று ஒரு தமிழாசிரியர் கேட்டார். ஆகலாம் ஐயா, ஆனால் துறவு உடையவர் துறவி என்றால் உணர்வு உடையது உணர்வி, அந்தச் சில்லுக்கு என்ன உணர்வு இருக்கிறது, கோபமா, வெட்கமா?

'வாயு'வை நான் எதிர்க்கவில்லை. வயிற்றுக் கோளாறு மாதிரி இருக்கிறது, வளி என்று மாற்று என்கிறார்கள் சிலர். சித்த மருத்துவத்தில் வளியும் அதே வாதம்தான், இதில் என்ன மிச்சம்? வாயு உணரி என்றால் இங்கே எல்லோருக்கும் புரிகிறது. கிராஃபீன் வாயு உணரி, முடிந்தது. மலாய்க்காரர்களைப் பாருங்கள், புலன் என்ற பொருளுள்ள 'டெரியா'விலிருந்து உணரிக்கு 'பெண்டெரியா' என்று தங்கள் சொல்லை அழகாகக் கட்டிக்கொண்டார்கள், கிராஃபீனை மட்டும் 'கிராஃபெனா' என்று ஒரு ஆகாரம் சேர்த்து அப்படியே விட்டுவிட்டார்கள். செயலுக்குத் தன் மொழி, பொருளுக்கு உலகப் பேர். நம் ஆட்கள் நேர்மாறு: பேரைப் பிடித்துக்கொண்டு மல்லுக்கட்டுவார்கள், செயலைச் சொல்லும் வினைச்சொல்லில் கோட்டை விடுவார்கள்.

அந்த அட்டையிலேயே பாருங்கள், கிராஃபீன் வாயுவை 'உறிஞ்சும்' என்று இருந்தது. ஓர் அணு கனமுள்ள ஏட்டுக்குள் எங்கே போய் உறிஞ்சுவது? ரப்பர் பால் கோப்பையில் ஒட்டுப்பால் பிடிப்பதுபோல மூலக்கூறு மேலே ஒட்டுகிறது, பாடநூல்களில் இதற்குப் பரப்புக் கவர்தல் என்று சொல்லே இருக்கிறது. இந்த வேறுபாடு முக்கியம், ஏனென்றால் இந்த உணரியின் பெரிய தொல்லையே ஒட்டியது லேசில் விடாததுதான். மறுபடி அளக்க வேண்டுமானால் 150 பாகை அளவுக்குச் சூடாக்க வேண்டும், அல்லது புற ஊதா ஒளி காட்ட வேண்டும். போதாததற்கு நம் ஊர்க் காற்றின் ஈரமும் அதே ஏட்டில் வந்து ஒட்டிக்கொண்டு கணக்கைக் குழப்பும்.