வால்யூமைக் குறைத்தால் கிட்டார் ஏன் மங்குகிறது?

ஸ்ட்ராட்டோகாஸ்டர் மாதிரி ஒரு எலெக்ட்ரிக் கிட்டாரில் வால்யூம் குமிழைப் பத்திலிருந்து ஆறுக்குத் திருப்பிப் பாருங்கள். சத்தம் குறையும், சரி. கூடவே அந்தக் கணீரும் போய்விடும். சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ வாசிப்பதுபோல் கேட்கும். டோன் குமிழை நான் தொடவே இல்லையே என்று ரொம்ப நாள் குழம்பியிருக்கிறேன்.

குற்றவாளி கிட்டாருக்கு வெளியே இருக்கிறது: கிட்டாரை ஆம்ப்ளிஃபயரோடு இணைக்கும் கேபிள். நடுவில் ஒரு கம்பி, சுற்றிலும் பின்னிய உலோக உறை, இடையில் பிளாஸ்டிக். இந்த அமைப்பே ஒரு கெபாசிட்டர்தான். மீட்டருக்குச் சுமார் 100 பிகோஃபாரட் (கெபாசிட்டரை அளக்கும் அலகு) என்று வைத்தால், ஐந்து மீட்டருக்கு 500. கெபாசிட்டர் உயர் அதிர்வெண்களுக்குத்தான் எளிதில் வழிவிடும். உறை கிரவுண்டில் இருப்பதால் ட்ரெபிள், அதாவது உயர்ந்த ஒலிகள், அந்த வழியாகக் கசிகிறது.

அப்படியானால் வால்யூம் பத்தில் இருக்கும்போது மட்டும் ஏன் கசியவில்லை? தந்திகளின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் என்பது காந்தங்களைச் சுற்றி, முடியைப் போன்ற மெல்லிய செம்புக் கம்பியை எட்டாயிரம் சுற்றுபோலச் சுற்றிய சுருள். அதன் தூண்டல் 2.5 ஹென்றி என்றால், கேபிளின் 500 பிகோஃபாரட்டோடு சேர்ந்து 4500 ஹெர்ட்ஸ் பக்கம் ஒத்ததிர்வு உண்டாகிறது. அந்த இடத்தில் ஒலி மேடுகட்டி நிற்கும். நாம் ரசிக்கும் கணீரில் பெரும்பங்கு அந்த மேடுதான். அதாவது, கேபிளை முழு எதிரி என்றும் சொல்லிவிட முடியாது.

குமிழைத் திருப்பியதும் பிக்கப்புக்கும் கேபிளுக்கும் நடுவில் மின்தடை புகுந்துகொள்கிறது. 250 கிலோஓம் பாட் (குமிழுக்கு அடியில் இருக்கும் மாறும் மின்தடை) மின்னளவில் சரிபாதியில் நிற்கும்போது, இரு பாதிகளும் இணையாகச் சேர்வதால் கேபிள் பார்க்கும் மின்தடை அறுபது கிலோஓமுக்குச் சற்று மேல். மேடு கரைந்துவிடும், 5000 ஹெர்ட்ஸை ஒட்டி ஒலி சரியத் தொடங்கும். ஹம்பக்கர் எனும் இரட்டைச் சுருள் பிக்கப் உள்ள கிட்டார்களில் வழக்கமாக வரும் 500 கிலோஓம் பாட்டில் அந்தச் சரிவு 2500-லேயே ஆரம்பித்துவிடும்.

இதற்கான வைத்தியத்துக்கு 'ட்ரெபிள் ப்ளீட்' என்று பெயர். வால்யூம் பாட்டுக்கு மூன்று கால்கள்: பிக்கப் வரும் கால், நடுவில் வெளியே போகும் கால், கிரவுண்ட் கால். முதல் இரண்டுக்கும் குறுக்கே 1000 பிகோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றைச் சால்டர் செய்தால் ட்ரெபிள் மின்தடையைச் சுற்றிக்கொண்டு போய்விடும். அந்தக் கெபாசிட்டரின் மேல் 102 என்று அச்சிட்டிருக்கும்: பத்து, பின்னால் இரண்டு சைபர். ஆனால் இது மட்டும் இருந்தால், வால்யூமை நன்றாகக் குறைக்கும்போது பேஸ் (தாழ்ந்த ஒலிகள்) அடங்கி ட்ரெபிள் மட்டும் கீச்சிடும். அதனால் 150 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்றை அதற்கு இணையாகப் போடுவார்கள். அப்போது குமிழ் திரும்பும் வேகமும் கொஞ்சம் மாறும், பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

கிப்ஸன் கிட்டார்களில் காசில்லாத வழி ஒன்று உண்டு. டோன் இணைப்பை வால்யூம் பாட்டின் முதல் காலிலிருந்து எடுத்து நடுக்காலில் வைப்பது. ஐம்பதுகளின் வயரிங் என்பார்கள். டோனைக் குறைத்தால் சத்தமும் லேசாக இறங்கும், அவ்வளவுதான். என் காதுக்கு இதுவே இயல்பாக இருக்கிறது.

சால்டர் அயர்னைக் காலில் இரண்டு மூன்று வினாடிக்கு மேல் வைக்காதீர்கள். நான் ஒரு பாட்டை அப்படித்தான் வறுத்தெடுத்தேன், திருப்பும்போதெல்லாம் கரகரத்தது. முதலில் முதலை கிளிப் இரண்டால் கெபாசிட்டரை வெளியே தொங்கவிட்டு, வால்யூமை ஐந்தில் வைத்து வாசியுங்கள். அப்புறம் கழற்றிவிட்டு வாசியுங்கள். வித்தியாசம் தெரியவில்லையென்றால் உங்கள் கேபிள் குட்டையாக இருக்கலாம். அப்படியானால் சால்டர் செய்யவே வேண்டாம்.