புல்லுக்கும் மூச்சு முட்டும்

என் சித்தப்பா பாரிஸ் நகரத்துக்கு வெளியே ஒரு சிறிய வீட்டில் இருக்கிறார். பிரான்சில் உறவுக்காரர் இல்லாத தெரு புதுச்சேரியில் குறைவு என்பதால், இதில் பெருமை ஒன்றும் இல்லை. அக்டோபர் பிறந்துவிட்டால் அவருக்குப் புல்தரைப் பேச்சுதான். உதிர்ந்த இலைகளை வாரினாராம், பாசியைச் சுரண்டினாராம், தழைச்சத்து (நைட்ரஜன்) குறைந்து சாம்பல்சத்து (பொட்டாசியம்) மிகுந்த உரத்தைப் போட்டாராம். "நீயும் போடு, குளிர் வருவதற்குள் புல் தேறிவிட வேண்டும்" என்று எனக்கும் அறிவுரை.

அங்கே அது சரிதான். அவர் வீட்டுப் புல் குளிர்நாட்டு இனம். 15 முதல் 24 டிகிரி வரையிலான வெப்பத்தில்தான் அது நன்றாக வளரும். கோடை முடிந்து மண்ணில் இளஞ்சூடு மிஞ்சியிருக்கும் நாட்களில் வேர் பிடித்து, சர்க்கரையைச் சேமித்துக்கொண்டு குளிருக்குள் நுழையும். அப்போது தழைச்சத்தை அள்ளிப் போட்டால், பனியும் பூஞ்சையும் எளிதில் தாக்கும் இளம் இலைகள்தான் மிஞ்சும்.

நமக்கு ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம். இலை உதிரும் காலம் அது அல்ல. வாசலில் நிற்கும் வேம்பு மாசி பங்குனியில்தான் மொட்டையாகும். ஐப்பசியில் கொட்டுவது மழை. ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் இந்த வடகிழக்குப் பருவத்தில்தான் பெய்கிறது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது, புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டித் தீர்த்தது.

நம் வீடுகளில் இருப்பது பெரும்பாலும் அருகம்புல் அல்லது நர்சரிக்காரர்கள் விற்கும் கொரியன் புல். இரண்டும் வெயில்நாட்டு இனங்கள். நெல்லிக்குப்பம் பக்கத்துக் கரும்பு செய்கிற வித்தையைத்தான் இவையும் செய்கின்றன: கரியமில வாயுவை முதலில் ஒரு நொதியால் பிடித்து, இலையின் உள்ளறைகளுக்கு அனுப்பி, அங்கே அடர்த்தியாகச் சேர்த்துவைத்துச் சர்க்கரை ஆக்குகின்றன. அதனால் கொளுத்தும் வெயிலிலும் வேலை கெடுவதில்லை. ஆனால் இந்த ஏற்பாட்டுக்குக் கூடுதல் ஆற்றல் தேவை, அதாவது வெளிச்சம் தேவை. மண்ணின் சூடு ஏறக்குறைய 10 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அருகம்புல் பழுத்து உறங்கிவிடும். நம் ஊரில் மார்கழி இரவில்கூட வெப்பம் 20 டிகிரியை ஒட்டியே இருக்கிறது. புல்லுக்குத் தூக்கமே இல்லை. வேலை செய்துகொண்டே மேகமூட்டத்தில் பசியோடு கிடக்கிறது. அந்த நேரம் பார்த்துத்தான் வேருக்கு மூச்சும் முட்டுகிறது.

வேரும் உயிருள்ள திசு, அதற்கும் ஆக்சிஜன் வேண்டும். மண் துகள்களுக்கு இடையிலுள்ள நுண்ணிய இடைவெளிகள் வழியாகத்தான் அது இறங்கி வருகிறது. மழைநீர் தேங்கி அந்த இடைவெளிகளை அடைத்துவிட்டால் வரத்து ஏறத்தாழ நின்றுவிடும். காற்றில் பரவுவதைவிட நீரில் ஆக்சிஜன் பரவும் வேகம் சுமார் பத்தாயிரம் மடங்கு குறைவு. மிச்சமிருப்பதை வேரும் நுண்ணுயிரிகளும் ஓரிரு நாளில் தீர்த்துவிடும். பிறகு நுண்ணுயிரிகள் வேறு பொருள்களை நாடுகின்றன. முதலில் மண்ணிலுள்ள நைட்ரேட்டைச் சிதைக்கின்றன. பயிருக்கான தழைச்சத்து வாயுவாகி வானத்துக்குப் போகிறது. அடுத்தது இரும்பு, செம்மண்ணின் சிவப்பு வெளுத்துச் சாம்பல் பூக்கிறது. கடைசியாக சல்பேட், அழுகிய முட்டை வாடை வருகிறது.

பாகூர் வயலில் நெல் மாதக்கணக்கில் தண்ணீரில் நிற்கிறதே என்று கேட்கலாம். நெல்லின் தண்டிலும் வேரிலும் காற்றுக் குழாய்கள் உண்டு. இலை வழியாக இழுத்த காற்றை வேர் நுனி வரை அது கொண்டுசெல்லும். அருகு சில நாள் தாக்குப்பிடிக்கும், நெல்போல் வாழாது.

நான் இதைத் தெரிந்துகொண்டது பாடப் புத்தகத்தில் அல்ல. கோரிமேட்டுப் பக்கம் உள்ள எங்கள் வீட்டில் ஒரு கார்த்திகையில் புல் மஞ்சளடித்தது. சத்துக் குறைவு என்று நினைத்து இரண்டு கை யூரியாவைத் தூவினேன். யூரியாவுக்கு மின்னூட்டம் கிடையாது, அதனால் மண் அதைப் பிடித்துவைப்பதில்லை. அன்றிரவு பெய்த மழையில் சாக்கடைக்குத்தான் விருந்து. மறுவாரம் கடப்பாரையால் குத்திப் பார்த்தேன். நான்கு விரல்கடை ஆழத்தில் டங்கென்று நின்றது. வீடு கட்டும்போது கொட்டி, லாரி ஏறி இறுகிய கிராவல். அதன்மேல் தண்ணீர் தட்டில் நிற்பதுபோல் நின்றிருந்தது. பிடுங்கிய வேர் பழுப்பாக, நூல்போல், வாடையோடு வந்தது.

ஆகவே நம் ஊரில் இந்தப் பருவத்தின் வேலை புரட்டாசியிலேயே முடிந்துவிட வேண்டும். இரும்புக் கம்பியாலோ கடப்பாரையாலோ ஒரு சாணுக்கு ஒன்றாக, கிராவலைத் தாண்டும் அளவுக்குத் துளையிட்டு, ஆற்றுமணலை நிரப்ப வேண்டும். மணலை மண்ணோடு கலக்கத் தேவையில்லை. துளைக்குள் தூணாக நின்றால் போதும், தண்ணீர் இறங்கவும் காற்று நுழையவும் அதுவே வழி. மழை தொடங்கிய பிறகு செய்ய வேண்டியது புல்லின்மேல் கால் வைக்காமல் இருப்பது மட்டும்தான். ஈரமண்ணில் துகள்கள் வழுக்கிச் சேர்ந்துகொள்ளும். ஒருவர் ஒரே தடத்தில் நடந்தாலே இடைவெளிகள் நசுங்கிவிடும். புல் வெட்டும் இயந்திரத்தை ஈரத்தில் உருட்டுவது இன்னும் மோசம்.

மழையில் வெட்டாவிட்டால் காடாகிவிடுமே என்ற கவலை வேண்டாம். புல்லின் வளரும் இடம் மண்ணை ஒட்டிய கணுவில் இருக்கிறது, இலை நுனியில் அல்ல. ஆடு மாடு மேய்ந்தும் அது பிழைப்பது இதனால்தான், தாமதித்து வெட்டினாலும் மறுபடி தளிர்ப்பதும் இதனால்தான். 'ஆல்போல் தழைத்து, அருகுபோல் வேரோடி' என்று மணமக்களை வாழ்த்துகிறோமே, அருகின் ஒரு கொடியை இழுத்துப் பாருங்கள்: ஒவ்வொரு கணுவிலும் ஒரு வேர்க்கொத்து, ஒரு தளிர். மழை விட்ட பின், ஒரு தடவைக்கு உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் வெட்டினால் போதும். யூரியாவும் அதற்குப் பிறகுதான்.

போன மார்கழியில் ஒரு துளையைக் கத்தியால் பிளந்து பார்த்தேன். மணல் தூணின் ஓரமாக வெள்ளை வேர் ஒன்று கிராவலைத் தாண்டி இறங்கியிருந்தது. படம் பிடித்துச் சித்தப்பாவுக்கு அனுப்பினேன். அவர் புல் அப்போது உறைபனிக்கு அடியில் இருந்தது.