துருவத்துப் பனியை ஒரு வருடத்தை வைத்து எடை போடாதீர்கள்

"2012க்கு அப்புறம் ஆர்க்டிக் பனி அந்த அளவுக்குக் குறையவே இல்லை, எல்லாம் சும்மா பயமுறுத்தல்." இப்படியொரு வாட்ஸ்அப் செய்தியை அனுப்பி, உண்மையா என்று கேட்கிறார்கள். கிருஷ்ணகிரி, தருமபுரி ஏரிகளின் நீர்ப்பரப்பைச் செயற்கைக்கோள் படங்களிலிருந்து கணக்கெடுப்பது என் பிழைப்பு. அதனால்தான் கேள்வி என்னிடம் வருகிறது.

அதிலுள்ள தகவல் பொய்யில்லை. 2012 செப்டம்பரில் ஆர்க்டிக் கடல்பனி, அதாவது கடல்நீரே உறைந்து மிதக்கும் பனி, சுமார் 34 லட்சம் சதுர கிலோமீட்டருக்குச் சுருங்கியது. அதற்குக் கீழே அப்புறம் போகவில்லை. ஆனால் 2024 வரையிலான செயற்கைக்கோள் பதிவிலேயே மிகக் குறைந்த 18 ஆண்டுகள் எவை தெரியுமா? 2007 முதல் 2024 வரை, ஒன்று விடாமல் வரிசையாக! மிக மோசமான ஆண்டை அளவுகோலாக வைத்தால் மற்றதெல்லாம் தேவலை என்றுதான் தோன்றும்.

பாரூர் ஏரியின் ஜனவரிப் படத்தையும் மே மாதப் படத்தையும் பக்கத்தில் வைத்து "ஏரி அழிகிறது" என்றால் ஊரே சிரிக்கும். ஜனவரியை ஜனவரியோடுதான் ஒப்பிட வேண்டும். ஆர்க்டிக்கிலும் மார்ச்சில் ஒன்றரைக் கோடி சதுர கிலோமீட்டரை ஒட்டி விரியும் பனி, செப்டம்பரில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிடுகிறது. செப்டம்பரைச் செப்டம்பரோடு வைத்துப் பார்த்தால், 1981–2010 சராசரியோடு ஒப்பிட, பத்தாண்டுக்கு ஏறக்குறைய 12 சதவீதம் குறைந்துகொண்டே வருகிறது.

இருட்டில் எப்படி அளக்கிறார்கள்? ஐப்பசி, கார்த்திகையில் சாதாரணப் படத்தில் எங்களுக்கு மேகம்தான் தெரியும்; மேகத்தை ஊடுருவும் ரேடார் படத்தைத் தேடிப் போவோம். துருவத்திலோ மாதக்கணக்கில் சூரியனே வராது. அங்கே 1978 கடைசியிலிருந்து, கடலும் பனியும் தாமாகவே வெளிவிடும் நுண்ணலைகளைச் செயற்கைக்கோள்கள் பதிவு செய்கின்றன. பனி வெளிவிடுவது கூடுதல், கடல்நீர் குறைவு. படத்தின் ஒரு சதுரக் கட்டத்துக்குள் 15 சதவீதமாவது பனி இருந்தால் அது பனிப்பரப்பாகக் கணக்கில் சேரும். கோடையில் பனிமேல் தேங்கும் உருகுநீர் கருவிக்குக் கடல்போலத் தெரியும், அந்தக் குறை உண்டு.

அண்டார்டிகா கதை வேறு. 2014இல் அங்கே குளிர்கால உச்சம் 2 கோடி சதுர கிலோமீட்டரைத் தாண்டியது. 2016இல் சட்டென்று சரிந்தது. 2023 பிப்ரவரியில், அங்கே கோடை முடியும் நேரத்தில், ஆண்டின் மிகக் குறைந்த அளவு 18 லட்சத்துக்கும் கீழே போனது. அங்கே அவசரப்பட்டு நீண்டகாலப் போக்கு இதுதான் என்று நான் சொல்லமாட்டேன்.

இன்னொன்று, மிதக்கும் பனி உருகினால் கடல்மட்டம் பெரிதாக ஏறாது. அதை ஏற்றுவது கிரீன்லாந்து போன்ற நிலத்துப் பனி. கடல்பனி போனால் வெயிலைத் திருப்பியனுப்பும் வெண்பரப்பு போய், சூட்டை வாங்கிக்கொள்ளும் கருநிறக் கடல்நீர் திறக்கிறது. சிக்கல் அங்கேதான்.

பரப்பு மட்டும் பார்த்தாலும் போதாது. பல வருடம் உருகாமல் தடித்த பழைய பனி ஆர்க்டிக்கில் வெகுவாகக் குறைந்து, ஒரே குளிர்காலத்தில் உறைந்த மெல்லிய பனி அந்த இடத்தைப் பிடித்திருக்கிறது. வாட்ஸ்அப் செய்தி எதிலும் நான் இதைப் பார்த்ததில்லை.