லாந்தனம் மாத்திரையை விழுங்காதீர்கள், மென்று தின்னுங்கள்

அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து டயாலிசிசுக்கு வரும் பெரியவர் ஒருவர், வயிறு உப்பி, வாந்தியோடு வந்து சேர்ந்தார். நான்கு நாளாக மலம் போகவில்லை. எக்ஸ்ரே எடுத்தால் பெருங்குடல் நெடுக வெள்ளை வெள்ளையாகத் துண்டுகள். சிலவற்றில் மாத்திரையின் வட்ட விளிம்பு அப்படியே தெரிந்தது. “பாஸ்பரஸ் மாத்திரையை எப்படிப் போடுறீங்க ஐயா?” என்று கேட்டேன். சிறுநீரகம் கெட்டவர்களுக்கு ரத்தத்தில் ஏறும் பாஸ்பரஸைக் குறைக்கக் கொடுக்கும் லாந்தனம் மாத்திரையைத்தான் அப்படிச் சொல்வோம். “பல்லு இல்லல்லா, ரெண்டா ஒடிச்சுத் தண்ணி விட்டு முழுங்கிருவேன்” என்றார்.

எனிமாவோடு சரியாகிவிட்டது. எல்லோருக்கும் அவ்வளவில் முடிவதில்லை. குடல் அடைத்து, ஓட்டை விழுந்து, ஆபரேஷன் வரை போனவர்கள் உண்டு. இந்த மாத்திரையை விழுங்கிவிட்டு வருகிறவர்களில் இவர் முதல் ஆளும் இல்லை. இன்னும் எத்தனை பேருக்கு இதையே சொல்வது என்று ஆதங்கமாக இருக்கிறது.

லாந்தனம் ஓர் அருமண் உலோகம். அதன் கார்பனேட் உப்பு வெள்ளைத் தூள். தண்ணீரில் கரையாது என்றே சொல்லலாம், அமிலம் பட்டால் கரையும். வயிற்றில் அமிலம் இருக்கிறது. அங்கே கரைந்து, சோற்றிலும் குழம்பிலும் இருக்கும் பாஸ்பேட்டைப் (சாப்பாட்டில் பாஸ்பரஸ் இருக்கும் வடிவம்) பிடித்துக்கொண்டு, கரையாத பொருளாகி மலத்தோடு போய்விடும். வேலை அவ்வளவுதான். ஆனால் அந்த வேலை தேவை. ஒரு தடவை டயாலிசிஸ் செய்தால் சுமார் 800 மில்லிகிராம் பாஸ்பரஸ்தான் வெளியேறும்; ஒரு நாள் சாப்பாட்டிலேயே ஏறத்தாழ அவ்வளவோ அதற்கு மேலோ உள்ளே போகிறது. வாரத்துக்கு 3 தடவை சுத்தம் செய்தாலும் கணக்கு நேராகாது. மிச்சம் நிற்பது எலும்பை அரிக்கும், ரத்தக் குழாயில் சுண்ணாம்பாகப் படியும், ராத்திரி தூங்கவிடாமல் சொறிய வைக்கும்.

இப்போது எனக்குப் பொறுமை போகிற இடத்துக்கு வருகிறேன். ‘மருந்து ரத்தத்தில் கலந்தால்தான் வேலை செய்யும்’ என்று எல்லோர் மனதிலும் பதிந்திருக்கிறது. அதனால்தான் முழுதாக விழுங்குகிறார்கள். அதனால்தான் காலையில் வெறும் வயிற்றில் போடுகிறார்கள். ராத்திரி படுக்கும்போது எல்லா மாத்திரையோடும் சேர்த்து ஒரே மடக்கில் முடித்துவிடுகிறார்கள். இந்த மருந்து ரத்தத்துக்குப் போகவே வேண்டாம்! போவதும் இல்லை: தின்றதில் ஒரு லட்சத்தில் இரண்டு பங்குகூட உள்ளே ஏறுவதில்லை. அதற்கு வேலை உங்கள் சோற்றில். சோறு இருக்கும் நேரத்தில் அது வயிற்றில் இருக்க வேண்டும், தூளாக இருக்க வேண்டும். சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துப் போட்டால் பிடிப்பதற்கு அங்கே ஒன்றும் இருக்காது. முழுசாக விழுங்கினால் கரையாத கட்டியாகக் குடலுக்குள் இறங்கும். தண்ணீரைக் குறைத்து, கீரை பழத்தையும் குறைத்து, இரும்புச் சத்து மாத்திரையும் தின்னும் டயாலிசிஸ்காரர்களுக்கு ஏற்கெனவே மலச்சிக்கல். அந்தக் குடலுக்குள் கல்லைப் போட்டால் என்ன ஆகும்?

“மாத்திரை போட்டும் கிரியாட்டினின் குறையலையே” என்று நிறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். கிரியாட்டினின் என்பது சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய வேறொரு கழிவு, இது அதற்கான மருந்தே இல்லை.

அடுத்தது வாட்ஸ்அப் பயம். இணையத்தில் தேடிய மகனோ மருமகளோ, “இது கடற்கரை மணல்ல எடுக்கிற உலோகம், கதிர்வீச்சு இருக்கு” என்று நிறுத்திவிடுகிறார்கள். மணவாளக்குறிச்சி மணலும் கூடங்குளமும் பக்கத்தில் இருக்கும் ஊர்க்காரர்களுக்கு அந்தப் பயம் வருவதில் தப்பில்லை. விஷயம் இதுதான்: அந்த மணலில் உள்ள மோனசைட் தாதுவில் லாந்தனமும் உண்டு, தோரியமும் உண்டு. கதிர்வீச்சு வருவது தோரியத்தாலும் அது சிதைந்து உண்டாகும் தனிமங்களாலும். மருந்துக்குச் சுத்திகரித்த லாந்தனத்தில் பயப்படும்படி ஒன்றும் இல்லை. ஒரு காலத்தில் இதே வேலைக்கு அலுமினிய மருந்து கொடுத்தோம். அது ரத்தத்தில் ஏறி மூளையையும் எலும்பையும் கெடுத்தது. அதற்கு மாற்று தேடி வந்த மருந்துகளில் இதுவும் ஒன்று. அமெரிக்காவில் 2004-ல் அனுமதி பெற்றது. பல வருடம் தின்றவர்களின் இரைப்பைச் சுவரில் வெள்ளையாகப் படிவதை எண்டோஸ்கோப்பியில் பார்க்கிறோம், அதையும் மறைக்கவில்லை. எண்டோஸ்கோப்பி செய்தாலும் எக்ஸ்ரே எடுத்தாலும் ‘லாந்தனம் தின்கிறேன்’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சாப்பாட்டின் நடுவிலோ முடித்த உடனேயோ போடுங்கள். சுண்ணாம்புபோல் மாவு மாவாக இருக்கும், சகித்துக்கொண்டு நன்றாக மெல்லுங்கள். பல் இல்லையென்றால் சின்ன உரலில் பொடியாக நுணுக்கி, குழைந்த சோற்றில் பிசைந்து தின்னலாம். நுணுக்கும்போது கண்ணில் மூக்கில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு வேளை சாப்பிடவில்லையா, அந்த வேளை மாத்திரையும் வேண்டாம். அடுத்த வேளைக்கு இரண்டாகச் சேர்த்துப் போடாதீர்கள். கல்யாண வீட்டிலோ பரோட்டாக் கடையிலோ சாப்பிடுவதானால் மாத்திரை சட்டைப் பையில் இருக்கட்டும். மாத்திரை இருக்கிறதே என்று நெத்திலிக் கருவாட்டை முள்ளோடு மெல்லுவதும் எலும்பு சூப்பும் கறுப்புக் குளிர்பானமும் கூடாது.

தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் குறைந்தது 2 மணி நேரம் இடைவெளி வேண்டும். சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற கிருமிக்கொல்லி மருந்து எழுதினால், லாந்தனம் போடுவதற்கு 1 மணி நேரம் முந்தி அதைப் போடுங்கள், இல்லையென்றால் லாந்தனம் போட்டு 4 மணி நேரம் பிந்தி. குடலில் பழைய ஆபரேஷன், அடைப்பு, தீராத மலச்சிக்கல் இருந்தால் தொடங்கும் முன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். இடையில் வயிறு உப்பி, வாந்தி வந்து, மலம் நின்றால் மாத்திரையை நிறுத்திவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள், வீட்டில் பேதி மருந்து கொடுத்துப் பார்க்காதீர்கள். நீச்சல் குளத்துக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் விற்கிற லாந்தனம் உப்பு மருந்தாகாது, விலை குறைவென்று அதன் பக்கமே போகக் கூடாது.

மருந்துக்கடைத் தம்பிகளே, அட்டையைக் கொடுக்கும்போது ‘மென்னு தின்னுங்க’ என்று ஒரு வார்த்தை சொல்லிக் கொடுங்கள். வீட்டுப் பிள்ளைகளே, ஆச்சியோ தாத்தாவோ டயாலிசிசுக்குக் கிளம்பும்போது இட்லித் தூக்கோடு பல்செட்டையும் எடுத்து வையுங்கள். டயாலிசிஸ் நடக்கும்போதே எங்கள் பிரிவில் காலைச் சாப்பாடு, அப்போது மெல்லுவதற்குப் பல் வேண்டும்.