வீட்டில் நீச்சல்குளம்: குழி தோண்டும் முன்பே கேட்க வேண்டியவை

நாகர்கோவில் சுற்றுவட்டாரத்தில் புதுவீடு கட்டுகிறவர்கள், முக்கியமாக வெளிநாட்டில் இருப்பவர்கள், இப்போது நீச்சல்குளமும் கேட்கிறார்கள். "சின்னத் தொட்டிதானே சார், இதுக்கெல்லாமா அனுமதி?" என்பார்கள். ஊராட்சியோ மாநகராட்சியோ, கட்டட அனுமதிக்குக் கொடுக்கும் வரைபடத்திலேயே குளத்தையும் காட்டிவிடுங்கள் என்பதுதான் என் பதில். கடலோரம் என்றால், உயர் அலைக் கோட்டிலிருந்து (கடல் ஏற்றத்தில் தண்ணீர் எட்டும் எல்லை) 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளைப் பார்க்கவேண்டும். மலையடிவாரக் கிராமங்கள் பல ஹாக்கா எனப்படும் மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின் எல்லைக்குள் வருகின்றன. மனை எதில் இருக்கிறது என்று முதலில் விசாரியுங்கள்.

அப்புறம் நிலத்தடி நீர். நமக்கு ஆனி, ஆடியிலும் மழை, ஐப்பசி, கார்த்திகையிலும் மழை. தாழ்ந்த மனைகளில் கிணறு தரைமட்டம் வரை நிரம்பிவிடும். 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் ஆழத்தில் 20 செ.மீ. தடிமனுக்குக் கட்டிய கான்கிரீட் குளம் தண்ணீர் இல்லாமல் ஏறக்குறைய 37 டன் எடை இருக்கும், ஆனால் சுற்றிலும் தண்ணீர் மேல்மட்டம் வரை ஏறினால் அதை மேலே தள்ளும் விசை 60 டன்னைத் தாண்டும். அந்த நேரத்தில் கழுவுவதற்காகக் குளத்தைக் காலி செய்தால் மொத்தக் குளமும் படகு மாதிரி கிளம்பிவிடும், தரை வெடிக்கும். பக்கத்து வீட்டுக் கிணற்றில் ஐப்பசியில் தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கும் என்று கேட்டு, அதற்கேற்ப அடித்தளத்தைக் கனமாக்கி, அழுத்தம் விடும் வால்வும் வைக்கச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் குளத்தைக் காலி செய்யவே கூடாது.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை சின்னப் பிள்ளைகள். மூழ்கும் குழந்தை கத்தாது, ஒன்றிரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். "காம்பவுண்ட் சுவர் இருக்கே" என்கிறார்கள், சரி, அது தெருப்பிள்ளைகளைத் தடுக்கும், வீட்டுக்குள்ளிருந்து தவழ்ந்து வருகிற குழந்தையை எது தடுக்கும்? குளத்தைச் சுற்றி நாலு பக்கமும் குறைந்தது 4 அடி உயர வேலி, கம்பிகளுக்கிடையே 4 அங்குலத்துக்கு மேல் இடைவெளி கூடாது, தானாக மூடிக்கொள்ளும் கதவு, தாழ்ப்பாள் குழந்தைக்கு எட்டாத உயரத்தில். அழகு கெடுகிறது என்று இதை மட்டும் வெட்டச் சொன்னால் நான் வரைபடத்தில் கையெழுத்துப் போடுவதில்லை.

அடியில் தண்ணீர் உறிஞ்சும் துவாரம் ஒன்றே ஒன்று இருந்தால் முடியோ உடம்போ ஒட்டிக்கொள்ளும். 3 அடி தள்ளி இரண்டு வைத்து, மேடான மூடி போடுங்கள். தண்ணீருக்குள் எரியும் விளக்கு 12 வோல்ட்டாக இருக்கட்டும், பம்ப் இணைப்புக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம். இந்த வேலையைக் குளம் கட்டும் மேஸ்திரியிடம் விடாமல் உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள்.